வெல்டரின் எட்டு வரைபடங்கள்

நல்ல ஸ்பீக்கர் எது வாங்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். முதலில் ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள், ஸ்பீக்கரைப் பிறகு பார்க்கலாம். பாதிப் பேருக்கு அதோடு ஆசை அடங்கிவிடும். இருபத்திரண்டு வருஷமாகக் காது பரிசோதிக்கிறவன் சொன்னால் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். வெல்டர் எப்படி உங்களை அப்படி நம்பினார் என்று நேற்று ஸ்டேஷனில் கேட்டீர்கள். எல்லோரும் நம்புவதைப் போலத்தான் நம்பினார்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காது மூக்கு தொண்டை டாக்டரின் அறையை ஒட்டி எனக்கு ஓர் அறை. அதற்குள் சத்தம் புகாத ஒரு கண்ணாடிக் கூண்டு. வந்தவரை உள்ளே உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பேன். நான் வெளியே இருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவேன். கேட்டால் அவர் பட்டனை அழுத்த வேண்டும். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு வரும். அந்தக் கோடு கீழே இறங்கினால் காது இறங்குகிறது என்று அர்த்தம். டாக்டர் கூண்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. நான் போட்ட கோட்டைப் பார்த்துத்தான் அவர் பேசுவார்.

இனி பாட்டுக்கு வருகிறேன். பதினாறு வருஷத்துக்கு முன்னால், ஒரு மரச்சாமான் கடையின் திறப்பு விழாவில் 'ஆறாம் நம்பர் ஷெட்' என்ற குழுவை முதல் முறை கேட்டேன். நான் அங்கே போனது ஒரு புத்தக அலமாரி வாங்க. வாங்காமல் திரும்பினேன். நாலு பேர் கட்டில்களுக்கு நடுவே நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாடியவர் பகலில் வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவர், அதனால் எல்லோருக்கும் அவர் வெல்டர்தான். டிரம்ஸ் அவர் மச்சான். பேஸ் கிடார், பட்டறையில் உடன் வேலை செய்தவர். நாலாவது ஆள் ஒரு கணக்கு டீச்சர். ஸ்டீல் கிடாரை மடியில் படுக்கவைத்து, ஓர் இரும்புத் துண்டைக் கம்பிகள்மேல் நகர்த்தி நகர்த்தி வாசிப்பார்.

அது ராக் என்றால் ராக்தான், டிரம்ஸும் கிடாரும் நெஞ்சை இடிக்கும். ஆனால் வார்த்தைகள் லாரி ஓட்டுகிறவர்களும் வாட்ச்மேன்களும் தங்களுக்குள் முனகிக்கொள்வதைப் போல இருக்கும். அன்று பாடிய ஒரு பாட்டு சலவைக் கடையைப் பற்றியது. ஒருவன் இறந்துபோன மனைவியின் கம்பளிக் கோட்டைச் சலவைக் கடையிலிருந்து திரும்ப வாங்காமலே இருக்கிறான். ரசீதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு தினமும் கடையைத் தாண்டிப் போகிறான். அவ்வளவுதான் பாட்டு. இரண்டாவது சரணம் முடிந்ததும் டீச்சரின் ஸ்டீல் கிடார் வரும், பக்கத்து அறையில் யாரோ பெருமூச்சு விடுவதைப் போல. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதினோரு பேர். அதில் மூன்று பேர் மெத்தையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் அவர்களை விடவில்லை. பாலிடெக்னிக் அரங்கம், பழைய அச்சகத்தின் மாடி, மழையில் பாதியில் நின்றுபோன மைதானக் கச்சேரி என்று எல்லாவற்றுக்கும் போனேன். அவர்கள் போட்ட மூன்று சிடிகளையும் பத்துப் பத்தாக வாங்கி மற்றவர்களுக்குக் கொடுத்தேன். எங்கள் மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்த சிடியைப் பிறகு அவர் வீட்டுப் பால்கனியில் பார்த்தேன். புறா வராமலிருக்க நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். புறா வரவில்லை என்று எனக்கு நன்றியும் சொன்னார். நான் கோபப்படவில்லை. இவர்களுக்குப் புரியாது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

என் மனைவி ஒரு முறை சொன்னாள், "உங்களுக்கு அந்தப் பாட்டு பிடிச்சிருக்கா, இல்ல, வேற யாருக்கும் பிடிக்கலைங்கறது பிடிச்சிருக்கா?" அவள் தோசைக்கல்லையும் சங்கீதத்தையும் ஒரே குரலில் விசாரிப்பவள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

பதினான்கு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு டிவி தொடரில் சலவைக் கடைப் பாட்டைப் போட்டார்கள். ஒரு மாதத்தில் ஆட்டோவில், லிஃப்டில், என் மருந்துக்கடைக்காரரின் போனில் எல்லாம் அதுவே ஒலித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். இருந்தது, ஒரு வாரம். அடுத்து அந்தப் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டார்கள். இரண்டாவது சரணம் முடிந்ததும் ஸ்டீல் கிடார் வரவில்லை. அந்த இடத்தில் கைதட்டல் வந்தது. அட்டைப்படத்தில் மூன்று பேர்தான் நின்றார்கள். டீச்சர் இல்லை.

அதே மாதம் வெல்டரின் பேட்டி வந்தது. ஆரம்ப நாட்களைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே சொன்னார், "முதல் பத்துப் பதினாலு வருஷம் சுவத்துக்குத்தான் பாடினோம். யாரும் கேக்கல." நான் அந்த இடத்தை நிறுத்தி, திரும்ப ஓட்டி, மறுபடியும் கேட்டேன். என் தொழிலில் ஒரு சத்தத்தை இரண்டு முறை அனுப்பி உறுதிப்படுத்திக்கொள்வது வழக்கம். அவர் சொன்னது அதேதான். யாரும் கேட்கவில்லை.

கல்யாணமான புதிதில் மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அச்சகத்து மாடிக்குப் போயிருக்கிறேன். அப்பாவின் காரியம் முடிந்த மூன்றாம் நாள் போயிருக்கிறேன். சில கச்சேரிகளில் கடைசிப் பாட்டின்போது என்னைத் தவிர நாற்காலி அடுக்குகிறவர் மட்டும்தான் இருப்பார். நான் சுவர்.

அடுத்த இரண்டு மாதத்தில் வெல்டரே எங்கள் கிளினிக்குக்கு வந்தார். பெயரைப் பதிவு செய்த பெண் அவரோடு படம் எடுத்துக்கொண்டாள். என் அறைக்குள் வந்து, என் முகத்தை ஒரு கணம் பார்த்தார், பிறகு கூண்டைப் பார்த்தார். "எங்க சார் உக்காரணும்?" என்றார். அவ்வளவுதான். பதினான்கு வருஷம் முன்வரிசையில் பார்த்த முகம் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. காதுக்குள் ஒரு பூச்சி கத்திக்கொண்டே இருக்கிறது என்றார். பெரிய மேடைகள், காதுக்குள் வைக்கும் இயர்போன், அதற்கு முன்னால் இருபது வருஷப் பட்டறை. எனக்குச் சோதிப்பதற்கு முன்பே தெரியும்.

சோதித்தேன். சரியாகவே சோதித்தேன், அதில் நான் குறை வைத்ததில்லை. விசில் போன்ற உயர்ந்த ஒலிகளில் இரண்டு காதும் இறங்கியிருந்தன. ஆனால் பேச்சு கேட்கும் பகுதி நன்றாக இருந்தது. ஆறு மாதம் மேடையை நிறுத்தி, பிறகு சத்தத்தைக் குறைத்து, காதுக்குக் காப்பு வைத்தால் மிச்சம் முழுவதையும் காப்பாற்றியிருக்கலாம். அந்தத் தாளை மடித்து என் பையில் வைத்தேன். புதுத் தாள் எடுத்து, அவர் பெயரை எழுதி, சிவப்பும் நீலமுமாக ஒரு நல்ல காதை வரைந்தேன். அது என்னுடைய காது. வருஷா வருஷம் என்னை நானே சோதித்து வைத்திருப்பதால் அந்தக் கோடு என் கைக்கு மனப்பாடம். டாக்டர் பார்த்தார், "பிரமாதமான காது" என்றார், கையெழுத்துப் போட்டார்.

வெல்டரிடம் நான் சொன்னது இதுதான்: "நரம்புத் தளர்ச்சி, சார். தூக்கம் இல்லாததால வர்ற இரைச்சல். மேடையில சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைங்க. குறைச்சா காது அதைத் தேடிக்கிட்டு இன்னும் இரையும்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தார். வேறு யாரிடமும் போக மாட்டேன் என்றார். இயர்போன் காதில் கச்சிதமாகப் பொருந்த அச்சு எடுத்துக் கொடுத்ததும் நான்தான். மூன்றாவது வருகையில் எனக்காகக் கூண்டுக்குள்ளிருந்து ஒரு புதுப் பாட்டை முனகிக் காட்டினார். கண்ணாடிக்கு வெளியே நான், உள்ளே அவர், நடுவில் மைக். உலகத்தில் நான் ஒருவன் மட்டுமே கேட்ட பாட்டு அது. என் வாழ்க்கையின் நல்ல நாட்களை எண்ணச் சொன்னால் அதையும் சேர்ப்பேன்.

ஐந்தாவது முறை வந்தபோது அவர் பேச்சு சற்று உரக்க மாறியிருந்தது. "வண்டியில இண்டிகேட்டர் போட்டா டிக் டிக் சத்தம் கேக்கல சார். வண்டி ரிப்பேரா, காது ரிப்பேரான்னு தெரியல" என்று சிரித்தார்.

"வண்டியைக் காட்டுங்க" என்றேன்.

காட்டினாராம். மெக்கானிக் ஒன்றுமில்லை என்றாராம். அடுத்த முறை அதையும் சொன்னார், மெக்கானிக்கை நம்பாமல். நான் ஏழாவது வரைபடத்தையும் எட்டாவது வரைபடத்தையும் அதே கோட்டில் போட்டேன். ஒவ்வொரு முறையும் உண்மைத் தாள் என் பையில் தனியாகச் சேர்ந்தது. அவற்றை நீங்கள் என் வீட்டு அலமாரியில் எடுத்துவிட்டீர்கள். வரிசையாக வைத்துப் பார்த்தால் மாடிப்படி இறங்குவதைப் போல இருக்கும். நான் எதையும் கிழிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெரிய அரங்கத்தில், பாட்டின் நடுவில், அவர் சுருதி மொத்தமாக விலகிப் போயிற்று. மச்சான் டிரம்ஸை நிறுத்தியும் அவர் நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தாராம். கூட்டம் சிரித்தது என்று பத்திரிகையில் போட்டார்கள். மறுநாள் வேறோர் ஆஸ்பத்திரியில் சோதித்திருக்கிறார்கள். வலது காதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இடது காதில் கதவு அறைந்தால் கேட்கும். அங்கே என் எட்டு வரைபடங்களையும் அடுக்கிப் பார்த்த ஒரு பெண் டாக்டர், ஒரு மனிதனின் காது இவ்வளவு காலம் ஒரு புள்ளிகூட அசையாமல் இருக்காது என்று சொல்லியிருக்கிறார். கெட்டிக்காரி.

நீங்கள் வருவதற்கு நாலு நாள் முன்பு, மதிய வேளையில், டீச்சர் என் அறைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நானே ஆரம்பித்தேன். உங்களுக்கு அவர் செய்தது எனக்குப் பொறுக்கவில்லை டீச்சர், உங்களைத் தூக்கிவிட்டுக் கைதட்டலைப் போட்டாரே என்றேன். அவர் தன் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தார். விரல் கணுக்கள் எல்லாம் வீங்கி, கோணலாகத் திரும்பியிருந்தன.

"என்னை யாரும் தூக்கல. என்னால அந்த இரும்பைப் பிடிக்க முடியல. வேற ஆள் வெச்சுக்கோங்கன்னு நான்தான் சொன்னேன். அந்த இடத்துல இன்னொருத்தரை உக்கார வைக்க மாட்டேன்னுட்டார். சும்மா விட்டா வெறுமையா இருக்குன்னு கம்பெனிக்காரங்க கைதட்டலைப் போட்டாங்க."

நான் பேட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் என் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவர் எதுக்கு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார்னு நினைக்கிறீங்க? வீட்டுப் பக்கத்துலயே நாலு ஆஸ்பத்திரி இருக்கு."

தெரியாது என்றேன்.

"நீங்க இங்க வேலை பார்க்கறது அவருக்குத் தெரியும். மரச்சாமான் கடை நாள்ல இருந்து வர்ற ஆளுன்னுதான் எங்களுக்குள்ள உங்களைச் சொல்லுவோம். நம்ம பாட்டை முழுசாக் கேட்ட காது அது ஒண்ணுதான், என் காதை அவர் கையில குடுத்துட்டா போதும்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தார்."

"என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கலையே."

"வெட்கம். அந்தக் கைதட்டல் பாட்டு வந்த பிறகு உங்க முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூச்சம். ஒரு நல்ல பாட்டு எழுதிட்டு அப்புறம் பேசறேன்னார்."

டீச்சர் போன பிறகு அன்று மிச்சமிருந்த ஆறு பேரையும் நான் சோதித்தேன். ஒருவருக்கும் ஒரு புள்ளி பிசகவில்லை, வேண்டுமானால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு வரைபடங்களையும் போட்டது நான்தான். டாக்டருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. இயர்போன் சத்தத்தைக் கூட்டச் சொன்னதும் நான்தான், இரண்டு வருஷமாக ஒவ்வொரு முறையும், என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்தேதான் சொன்னேன். இதில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் அதற்குமுன் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாள் உள்ளே வந்தபோது, என்னைத் தெரியும் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும், உண்மைத் தாளைத்தான் கொடுத்திருப்பேன். எட்டு முறை வந்தார், எட்டு முறையும் தெரியாதவரைப் போலவே எதிரில் உட்கார்ந்தார். தான் நம்புகிற ஒருவனிடம் ஒரு மனிதர் இவ்வளவு நாள் எப்படி ஒரு விஷயத்தை மறைக்க முடியும் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.