நாலாவது மருந்து

மற்றவர்கள் சாப்பிடும் சத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒத்துவராது. ஆராய்ச்சிக்கூடம் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே யாரும் எதையும் மெல்லுவதில்லை.

வடிவம்மாவைப் பற்றி விசாரணைக்கு எழுதித் தரச் சொன்னீர்கள். கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய மலையகத்து மனுசி, வயது அறுபத்திரண்டு. வயலில் களை பிடுங்கும் கூலி. புகையிலையை வாயிலிருந்து இறக்கியதே இல்லை; உணவுக்குழாயில் புற்றுநோய். வவுனியாவில் எங்கள் கிளினிக்குக்கு முதல்நாள் வந்தபோது கையில் ஒரு பழைய பால்மாத் தகரப் பேணி இருந்தது. விழுங்க முடியாத எச்சிலை அதற்குள் துப்பிக்கொண்டே இருந்தார். நான் பேணியைப் பார்க்காமல் பெயரை எழுதினேன்.

என் ஆய்வு இதுதான். உயிரணுவுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று மிகச் சிறிய துணுக்குகள் உண்டு. எந்த மரபணு வேலை செய்யவேண்டும், எது அடங்கிக் கிடக்கவேண்டும் என்பதில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. அவற்றில் ஒரு வகை மிஞ்சிப்போனால், மருந்து ஏற்றினாலும் புற்று உயிரணு சாகாது என்பது என் கணிப்பு. இருபது நோயாளிகளில் அது ஆக அதிகமாக இருந்தது வடிவம்மாவின் கட்டியில். நான்கு தடவையும் மருந்து ஏற்றி முடிந்தபின் எடுக்கும் சதைத்துண்டு கிடைத்தால் கணிப்பு நிரூபணமாகும்.

இரண்டாவது மருந்துக்குப் பிறகு வேறொரு ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மூன்று சென்ரிமீற்றர் கட்டி ஐந்தாகியிருந்தது. அறிக்கை என் கையால்தான் டொக்டருக்குப் போகும். ஐந்தைப் பார்த்தால் அவர் மருந்தை நிறுத்திக் கதிர்ச் சிகிச்சைக்கு அனுப்பியிருப்பார்.

அவர் பார்த்தது இரண்டு.

மகள் சுகந்தினி வெளிவாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாள். "சேர், ஓமந்தை தாண்டேக்கையே அம்மா பஸ்ஸுக்குள்ள சத்தி எடுத்திட்டா. தண்ணியும் இறங்குதில்லை. மருந்து வேலை செய்யுதோ?"

"ஓம் பிள்ளை, கட்டி சுருங்குது. பயப்பிடாதேங்கோ."

"ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வடிவம்மா என் கையைப் பிடித்தார். விரல்களில் புளித்த வாடை. அவர்கள் போனதும் இரண்டுதரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

மூன்றாவது மருந்தில் நகங்கள் கறுத்தன. வாய்க்குள் தோல் உரிந்து தொங்கியது. நாலாவதற்கு வரமாட்டேன் என்று அழுதாராம். நானே ஓட்டோ அனுப்பினேன். "சேரைப் போல ஆக்கள் கிடைக்கமாட்டினம்" என்றாள் சுகந்தினி. அப்போது மனுசி முப்பத்தொரு கிலோ. மேசையில் ஏற்றும்போது என் சப்பாத்தில் கறுப்பாக வாந்தி எடுத்தார். மருந்து ஏறி முடிந்தது.

பன்னிரண்டு நாள் கழித்துத் துண்டு எடுப்பித்தேன். சிறு குப்பிக்குள் மிதந்தது. அந்த மனுசியிடம் நான் கண்ட ஒரே சுத்தமான பொருள் அதுதான். கணிப்புச் சரி. அந்தக் கிழமையே அவர் இறந்தார்.

செத்தவீடு முடிந்தபின் சுகந்தினி அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் அசல் அறிக்கையைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அதைத்தான் நீங்கள் என் முன்னால் வைத்தீர்கள்.

ஓம், ஐந்தை இரண்டாக்கியது நான்தான். அது இரண்டல்ல என்று தெரிந்தே இன்னும் இரண்டு மருந்து ஏற்றவைத்ததும் நான்தான். கட்டுரையில் வடிவம்மாவின் பெயரைப் போட்டு நன்றி சொல்ல விரும்பினேன். ஆனால் நோயாளியின் பெயரை வெளியிடக்கூடாது என்று விதி இருக்கிறது. விதியை மீறுகிற ஆள் நானில்லை.