ஈயம் உருகுமுன்

லேப்டாப்புக்கு மழையைவிட எறும்புதான் பெரிய தொல்லை, இன்ஸ்பெக்டர் சார். சிந்திய மைலோ பானத்தின் வாசனைக்கு வரும், கீபோர்டு இடுக்கு வழியாக இறங்கும், போர்டிலேயே செத்துக் கிடக்கும். தெமியாங்கில் லேப்டாப் ரிப்பேர் கடை போட்டதிலிருந்து பார்த்து வருகிறேன். என் தம்பியின் லேப்டாப் முதல் தடவை கெட்டது எறும்பால்தான். அந்தப் பழியை மட்டும் என்மேல் போடாதீர்கள்.

தம்பி கணேசமூர்த்தி போர்டிக்சன் போகும் வழியில் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தான். மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டுப் படுத்துவிட்டான். பேச்சு போய்விட்டது, கைகால் போய்விட்டது. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் ஆடும். புத்தியில் ஒரு குறையும் இல்லை.

எஸ்டேட் மேனேஜர் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு டிஸ்க் தந்தாள். அதைப் போட்டால் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது கீபோர்டில் ஒரு தட்டு தட்டினால் போதும். தம்பி இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதினான். முதலில் தண்ணீர் கேட்டான். அப்புறம் தன் மனைவி நீலாவதியின் சமையலில் உப்பு குறைவு என்றான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை.

அப்புறம்தான் எறும்பு புகுந்தது. பவர் பகுதியில் கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தது. இந்த வேலைக்குப் பொறுமைதான் முதல். பக்கத்துப் பாகங்கள் சுடாமல் சுற்றிலும் ஃபாயில் ஒட்ட வேண்டும். ஃபிளக்ஸ் பசை தடவி, சூடான காற்றைக் காட்டிக்கொண்டே காத்திருக்க வேண்டும். பாகத்தைப் பிடித்திருக்கும் மங்கிய ஈயம் உருகித் திடீரென்று பளபளக்கும். இடுக்கியால் லேசாகத் தொட்டால் பாகம் தானே நழுவும். அப்போதுதான் தூக்க வேண்டும். முந்தினால் அடியில் இருக்கும் செம்புத் தடம் போர்டிலிருந்து பிய்ந்து வந்துவிடும். தடம் போனால் புதுப் பாகம் உட்கார இடம் கிடையாது. நான் முந்தவில்லை. வேறொரு பழைய போர்டிலிருந்து நல்லதை எடுத்து வைத்தேன். லேப்டாப் உயிர் பெற்றது.

கொண்டுபோய்க் கொடுத்த மத்தியானம் நீலாவதி டீ போட உள்ளே போனாள். தம்பி என்னையே பார்த்துக்கொண்டு தட்டினான். விபத்தன்று மோட்டாரை ஓட்டியது அவனில்லை, நான்தான் என்று எழுதினான்.

அது உண்மை. நான் பியர் குடித்திருந்தேன். அவன் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஆட்கள் ஓடிவந்தபோது அவன்தான் ஓட்டினான் என்றேன். பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவனுக்கு அதனால் என்ன நஷ்டம் என்று அப்போது தோன்றியது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தையே நான்தான் தாங்கினேன். நீலாவதி வாய் நிறைய 'மாமா' என்று கூப்பிடுவாள். அந்த மரியாதையை இழக்க எனக்குத் தெம்பு இல்லை.

லேப்டாப்பை அணைத்தேன். மறுபடி கோளாறு என்று அவளிடம் சொல்லிக் கடைக்கு எடுத்துவந்தேன். கீபோர்டை இயக்கும் சிப்பைப் பிடித்து, ஈயம் உருகுமுன் இழுத்தேன். தடங்களெல்லாம் சிப்போடு வந்துவிட்டன. சிங்கப்பூரிலிருந்து பாகம் வர வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். மாதக்கணக்கில் சொன்னேன்.

நீலாவதி சும்மா இருக்கவில்லை. எழுத்துகளை அவளே வாய்விட்டுச் சொல்ல, அவன் கட்டில் சட்டத்தில் தட்ட ஆரம்பித்தான். அதை அவள் ஆசையாக என்னிடம் காட்டினாள். அடுத்த நாளே பலகைத் துண்டும் பேண்டேஜும் வாங்கிப் போனேன். விரல் இப்படி ஓயாமல் ஆடினால் நரம்பு சுருண்டுவிடும், டாக்டர் சொன்னார் என்றேன். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கட்டுப் போட்டது நான். வாரா வாரம் போய் இறுக்கியதும் நான். அவனுக்குச் சவரம் செய்து கஞ்சியும் ஊட்டிவிட்டுத்தான் வருவேன்.

ஒரு நாள் நான் கடையில் இல்லாதபோது அவளே வந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கோலாலம்பூருக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒரு ரிப்பேர்காரர், இது தானாகப் போனதில்லை, யாரோ வேண்டுமென்றே பிடுங்கியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் விரல் கட்டை அவிழ்த்தாள். விரல் விறைத்துப்போயிருந்தது. இனி ஆடாதாம்.

அப்புறம் கடை வாசலில் வந்து நின்றாள். திட்டவில்லை. "மாமா, அவரு என்னா சொல்ல வந்தாரு? அத மட்டும் சொல்லுங்க லா" என்றாள். நான் கடைக் கதவை இழுத்து மூடினேன். அதனால் உங்களிடம் வந்தாள். இனி அவனிடம் கேட்க வழியில்லை, தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் சொல்கிறேன்.

அவன் எழுதியதில் பாதியைத்தான் சொன்னேன், சார். முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். "மோட்டார் நீதான் ஓட்டினே அண்ணே. பரவால்ல. நீலாகிட்ட சொல்ல மாட்டேன்."

நான் அவனை நம்பினேன். ஆனாலும் சொல்ல மாட்டேன் என்கிறவனால் சொல்ல முடியும், இல்லையா? என் இடத்தில் யார் இருந்தாலும் அந்தச் சிப்பை இழுத்திருப்பார்கள்.