ஃபைஃபர் வண்டியின் கியர் ராடு

பெயர் ரோவீனா ஹஸ்கின்ஸ். வயது அறுபத்தொன்று. முகவரி, இண்டியானா மாநிலம் கார்வில் ஊருக்கு வெளியே பழைய செங்கல் சூளைச் சாலை. தொழில், பழைய கியர் பாக்ஸ்களை வாங்கிச் சரிசெய்து விற்பது. போலீஸ் டெபுடி மேட்டிங்லி முன்னிலையில், யாரும் அழைக்காமல் நானாக வந்து சொல்வது:

கவுண்டி திருவிழாவில் சனிக்கிழமை காலை, ராய்ஸ் ஃபைஃபர் ஓட்டிய பழைய பிக்கப் வண்டி, அவருடைய அண்ணன் எல்டன் ஃபைஃபரைத் தின்பண்ட டிரெய்லரோடு சேர்த்து இரண்டு முறை இடித்து, இடுப்பு எலும்பை முறித்தது. அந்த வண்டிக்கு வேறு கியர் பாக்ஸ் விற்றதும், அதற்குக் கியர் ராடு செய்து மாட்டியதும் நான்தான். ராய்ஸ் வேண்டுமென்றே இடித்தார் என்று கொலை முயற்சி வழக்கு போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால் வந்தேன்.

வண்டி அவர்களுடைய அப்பாவுடையது, 1949ஆம் வருடத்து மாடல். அண்ணன் தம்பி இருவரும் ஓட்டப் பழகியது அதில்தான். அப்பா இறந்தபோது அதை எல்டன் பெயருக்கு எழுதிவைத்தார். அதிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. அது என் விஷயமல்ல என்றாலும் ஊருக்கே தெரிந்ததுதான். போன இலையுதிர் காலத்தில் எல்டன் வண்டியை என் யார்டுக்குக் கொண்டுவந்தார். பழைய மூன்று கியர் பாக்ஸில் பற்கள் தேய்ந்துவிட்டன, நெடுஞ்சாலையில் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், ஐந்து கியர் வேண்டும் என்றார். ஆனால் உள்ளே எதுவும் மாறியதுபோலத் தெரியக் கூடாது என்றும் சொன்னார்.

"அப்பா உக்காந்திருந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும், ரோவீனா."

"ஓட்டப்போறது நீதானே?" என்றேன்.

"ஓட்டுறது நான். வண்டி அவரோடது."

அதன் பிறகு வேலையைத் தொடங்கினேன். ஐந்து கியர் பாக்ஸில் ராடு வெளியே வரும் இடம் சீட்டுக்கு அடியில் போய்விடுகிறது. அதே வகை பாக்ஸ் சின்ன லாரிகளிலும் உண்டு, அதில் ராடு கொஞ்சம் முன்னால் வரும். அதனால் அப்படி ஒன்றின் வால் பகுதியைக் கழற்றி இதில் பூட்டினேன். அப்படியும் தரையில் இருந்த பழைய ஓட்டைக்கு நேராக வரவில்லை. அதன் பிறகு பழைய ராடை அடியில் அறுத்து, கெட்டித் தகடு ஒன்றில் வெல்டிங் வைத்து, புதிய பாக்ஸின் கட்டை ராடோடு போல்ட் போட்டு இணைத்தேன். இரண்டாவது கியரில் அது சீட்டை இடித்தது. கழற்றிச் சூடாக்கி வளைத்து, ஏறி உட்கார்ந்து பார்த்து, மறுபடி கழற்றி வளைத்தேன். கடைசியில் பழைய ரப்பர் உறை, பழைய குமிழ் எல்லாம் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன. அந்தக் குமிழில் எழுத்தோ கோடோ எதுவும் கிடையாது.

இனி சொல்வதை நிதானமாக எழுதும்படி டெபுடியைக் கேட்டுக்கொண்டேன். பழைய பாக்ஸில் ராடை இடதுபக்கம் இழுத்து முன்னால் தள்ளினால் ரிவர்ஸ். புதிய பாக்ஸில் அதே இடம் ஃபர்ஸ்ட். ரிவர்ஸ் வலது கோடியில், பின்னால் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து பார்க்கிற யாருக்கும் இந்த வித்தியாசம் தெரிய வழியில்லை. கியர் படம் ஒன்றை டாஷ்போர்டில் ஒட்டித் தருகிறேன் என்றேன். "அப்பா வண்டியில ஸ்டிக்கரா?" என்று எல்டன் மறுத்துவிட்டார். வாடிக்கையாளர் வேண்டாம் என்றதை நான் வற்புறுத்துவதில்லை.

வண்டியை எடுக்க வந்த அன்று நான் எல்டனுக்குக் கியர்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன், அவரும் போட்டுக் காட்டினார். அதன் பிறகு யார்டிலிருந்து வெளியே போக, ரிவர்ஸ் என்று நினைத்து ராடை இடதுபக்கம் முன்னால் தள்ளினார். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே கிளட்சை விட்டார். வண்டி முன்னால் போய் என் டயர் அடுக்கில் முட்டியது. திட்டிக்கொண்டே ராடை எடுத்து, அதே இடத்தில் இன்னும் அழுத்தித் தள்ளி, இன்னும் வேகமாக விட்டார். டயர்கள் சரிந்து வேலியையும் சாய்த்தன. இறங்கி வந்து சிரித்தார்.

"கை தானா போகுதும்மா. பத்து வயசுல பழகின கை."

"டயருக்குப் பதிலா நான் நின்னிருந்தா?"

"நீ நின்னிருந்தா வண்டிதான் நசுங்கியிருக்கும்."

இதைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

திருவிழா அன்று காலை, பன்றிக்கறி சாண்ட்விச் கடையில் ராய்ஸ், "அந்த வண்டி ஓடுற வரைக்கும் எனக்கு அண்ணன் இல்ல" என்று சொன்னது உண்மை. நானும் வரிசையில் நின்று கேட்டேன். அதன் பிறகு நான் என் உதிரிபாக மேசைக்குப் போனேன். பழைய வண்டிகள் அணிவகுப்புக்கு நின்றுகொண்டிருந்தன. எல்டன் தன் வண்டிக்கு முன்னால் மண்டியிட்டு நம்பர் அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற தின்பண்ட டிரெய்லருக்கு வழிவிடச் சொல்லி யாரோ சத்தம் போட்டார்கள். எல்டன், அருகில் நின்ற ராய்ஸ் பக்கம் சாவியை எறிந்து, "பின்னால எடு" என்றார். அதன் பிறகு நான் ஒரு வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டேன். ராய்ஸ் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு ஓட்டினார் என்று எனக்குத் தெரியாது. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டேன். முதலில் ஒரு மெதுவான இடி கேட்டது, அதன் பிறகு எல்டனின் கத்தல், அதன் பிறகு இஞ்சின் உறுமல், இரண்டாவது இடி. ஓடிப்போய் நான்தான் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினேன். ராய்ஸ் இரண்டு கைகளாலும் ராடை இடதுபக்கம் முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ரிவர்ஸ்லதான் இருக்கு, ரிவர்ஸ்லதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ராடு ஃபர்ஸ்டில் இருந்தது. வண்டியைக் கையால் தள்ளித்தான் எல்டனை எடுத்தோம்.

இதை அன்றே ஏன் சொல்லவில்லை என்று டெபுடி கேட்டார். என் இன்சூரன்ஸ் ஏஜென்ட், "வாயைத் திறந்தா யார்டைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான், ரோவீனா" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. ராடுதான் காரணம் என்றால் ராடு செய்தவள் மேல்தான் கை நீளும். தனி ஆளாக நின்று உண்டாக்கிய யார்டு அது. நான்கு நாள் யோசித்தேன். என் வேலையில் குறை இருந்ததா என்று முதலில் யோசித்தேன். வெல்டிங் நின்றது, போல்ட் தளரவில்லை, கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. மாற்றியது தெரியாதபடி மாற்றுவதுதான் இந்தத் தொழிலில் பெருமை. மாறியது தெரியாவிட்டால் பழைய ஆளின் கை பழைய இடத்துக்குத்தான் போகும் என்பதை நான் டயர் அடுக்கிலேயே பார்த்தேன், பார்த்துச் சிரித்தேன். யார்டு போனால் இன்னொரு யார்டு பார்க்கலாம். ராய்ஸ் சிறைக்குப் போனால் திரும்பி வரும்போது வயதாகியிருக்கும்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அது தவறு என்றால் அதையும் எழுதிக்கொள்ளட்டும். கியர் மாறியதைத் தம்பியிடம் சொல்லியிருந்ததாக எல்டன் போலீசிடம் சொல்லியிருந்தார்.

"எப்ப சொன்னே?" என்றேன். "அப்பா போனதுக்கப்புறம் அவன்கிட்ட நீ பேசின முதல் வார்த்தையே 'பின்னால எடு'ங்கறதுதானே?"

எல்டன் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "ரெண்டு தரம் வந்தான், ரோவீனா. ரெண்டாவது தரம் நான் அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன்" என்றார்.

"நீயும் என் டயர் மேல ரெண்டு தரம் போனே. டயருக்குக் கத்தத் தெரியல, அவ்வளவுதான். நீ கத்தினதாலதான் அவன் வேகமா விட்டான், எல்டன். உன் மேலேருந்து வண்டியை எடுக்கப் பார்த்தான்."

அதன் பிறகு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் சாப்பாட்டு அறையில் போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்பி வரும்வரை அப்படியே இருந்தார். வந்ததும் டெபுடியைக் கூப்பிடச் சொன்னார். முதலில் சொன்னதை மாற்றிக்கொண்டு, தம்பியிடம் எதுவும் சொல்லவில்லை என்று அவர் எழுதிக்கொடுத்ததை டெபுடி அறிவார்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் கூட்டியதும் குறைத்ததும் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன், ஆஸ்பத்திரியில் எனக்கும் எல்டனுக்கும் ஒப்பந்தமானதையும் சேர்க்கச் சொன்னேன். பிற்பாடு யாரும் மறைத்தேன் என்று சொல்லக் கூடாது. எல்டன் என் மேல் வழக்கு போட மாட்டார். இன்சூரன்ஸ் கம்பெனி போட்டால், ஸ்டிக்கரை மறுத்தது தாம்தான் என்று வந்து சொல்வார். ராய்ஸின் வக்கீல் செலவை எல்டன் கொடுப்பார். வண்டியின் பத்திரத்தில் தம்பி பெயரைச் சேர்க்கும்படி கேட்டேன், அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. சாவி ஒன்று ராய்ஸிடம் இருக்கும் என்பதற்கு ஒப்புக்கொண்டார். பிடித்துவைத்திருக்கும் பிக்கப்பைப் போலீஸ் திருப்பிக் கொடுத்ததும் அதை என் யார்டுக்கு ஓட்டி வருவது ராய்ஸ், கியர்களை அவருக்குச் சொல்லிக் கொடுப்பது எல்டன், பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து. முன்பக்கத் தகடு நிமிர்த்துவதற்கு நான் கூலி வாங்குவதில்லை.

ஒப்பம்: ரோவீனா ஹஸ்கின்ஸ்