நாலாவது பழுது

தங்கை: ...அதனால என்னக்கா? ஃப்ரிட்ஜ் ரிப்பேர்னா போகத்தானே வேணும்? மாமாவோட பொழப்பே அதுதானே?

மெக்கானிக்: ஒரே வீட்டுக்கா? ஒரே மாசத்துல மூணு தடவையாடி?

தங்கை: பழைய ஃப்ரிட்ஜா இருக்கும்.

மெக்கானிக்: வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகலை. மூணாவது தடவை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டுப் போனாரு. கம்ப்ரஸர் பின்னாடி குனியப் போறவருக்கு எதுக்குடி இஸ்திரி?

தங்கை: ...நீ இப்ப எங்க இருக்கே?

மெக்கானிக்: மூணாவது மாடியில. அந்த ஃப்ரிட்ஜ்காரி வீட்டு வாசல்ல.

தங்கை: ஐயோ, அக்கா!

மெக்கானிக்: கத்தாதே. காலையில கடை நம்பருக்குப் போன் வந்துச்சு. மறுபடியும் கோளாறாம். உங்க மாமா ஸ்பேர் வாங்கப் போயிருக்காரு. நல்லதாப் போச்சுன்னு டூல் பாக்ஸைத் தூக்கிட்டு நானே வந்துட்டேன்.

தங்கை: சண்டை போடவா?

மெக்கானிக்: ஃப்ரிட்ஜைப் பாக்க. வேணும்னே கெடுத்து வெச்சிட்டு என் புருஷனைக் கூப்பிடுறாளான்னு பாக்க. கை வெச்சா எனக்குத் தெரிஞ்சிடும்.

தங்கை: அப்படியே இருந்தா என்ன பண்ணுவே?

மெக்கானிக்: தெரியலைடி. முதல்ல பாக்குறேன்.

தங்கை: பொண்டாட்டின்னு மட்டும் சொல்லிக்காதே. அசிங்கம்.

மெக்கானிக்: சொல்லலை. கடை ஆளு, அவ்வளவுதான். வெச்சிடு, தாழ்ப்பாள் சத்தம் கேக்குது.

*

டீச்சர்: வாங்க. கடையிலேர்ந்தா?

மெக்கானிக்: ஆமா. அவரு வரலை. நான்தான்.

டீச்சர்: சரி, உள்ள வாங்க.

மெக்கானிக்: ஏமாத்தமா இருக்கா?

டீச்சர்: இல்லையே. பாத்து... கீழே நோட்டுங்க. திருத்திக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் ட்யூஷன் பசங்க வந்துடுவாங்க.

மெக்கானிக்: டீச்சரா?

டீச்சர்: கணக்கு டீச்சர். இந்தப் பக்கம், சமையலறை.

மெக்கானிக்: வீட்ல வேற யாரும்...?

டீச்சர்: நான் மட்டும்தான்.

மெக்கானிக்: ம்ம். ...இதானா? பளபளன்னு இருக்கே. என்ன பண்ணுது?

டீச்சர்: கீழ்த்தட்டுல வெச்சதெல்லாம் உறைஞ்சு போகுது. இந்தத் தக்காளியைப் பாருங்க.

மெக்கானிக்: இதை வெச்சு ஆணி அடிக்கலாம்.

டீச்சர்: பாலும் கட்டி. மோட்டார் நிக்கவே மாட்டேங்குது. கேளுங்க... உர்ர்ர்னு ஓடிக்கிட்டே இருக்கு.

மெக்கானிக்: குளிர் கூட்டுற திருகை எத்தனையில வெச்சிருக்கீங்க?

டீச்சர்: மூணு. அதை நான் தொடவே இல்லை.

மெக்கானிக்: தொடவே இல்லை?

டீச்சர்: இல்லைங்க.

மெக்கானிக்: சில வீட்ல அவங்களே ஏழுக்குத் திருப்பி வெச்சிட்டு எங்களைக் கூப்பிடுவாங்க.

டீச்சர்: எதுக்கு?

மெக்கானிக்: எதுக்கோ. யாராவது வந்து போகணும்ல. ...மூணுலதான் இருக்கு.

டீச்சர்: சொன்னேனே.

மெக்கானிக்: ஒரு பேப்பர் குடுங்க.

டீச்சர்: நோட்டுத் தாள் போதுமா?

மெக்கானிக்: போதும். கதவு இடுக்குல வெச்சு மூடி இழுத்தா... வரலை. ரப்பர் நல்லாப் பிடிக்குது.

டீச்சர்: அவரும் முதல் தடவை இதேதான் செஞ்சார். அன்னிக்குத் தாள் வழுக்கிக்கிட்டு வந்துடுச்சு. ரப்பர் ஒரு மூலையில கோணியிருந்துச்சு. வெந்நீர்ல துணியை முக்கி, ஒத்தி ஒத்தி, நிமிர்த்திட்டார். ஒரு மணி நேரம். என்ன பொறுமைங்க அவருக்கு!

மெக்கானிக்: பொறுமையா? ஒரு டம்ளரைக் கழுவச் சொன்னா இருக்காது பொறுமை.

டீச்சர்: அப்படியா? இங்க காபி குடிச்சா டம்ளரை அவரே கழுவிக் கவுத்து வெச்சிட்டுத்தான் போவார். உங்களுக்கும் போடவா? சர்க்கரைதான் இல்லை. எங்க வீட்ல வாங்குறதில்லை.

மெக்கானிக்: அவரும் சர்க்கரை இல்லாமயா குடிச்சாரு?

டீச்சர்: இப்படிக் குடிக்கிறதுதான் நல்லா இருக்குன்னார்.

மெக்கானிக்: மூணு ஸ்பூன் போட்டுக்கிற ஆளு!

டீச்சர்: ம்?

மெக்கானிக்: கடையில பாத்திருக்கேன். எனக்குக் காபி வேண்டாம். இந்தப் பக்கம் பிடிங்க, கொஞ்சம் இழுக்கணும். மெதுவா... போதும்.

டீச்சர்: பின்னாடியும் பாக்கணுமா?

மெக்கானிக்: சூடு வெளியே போகலைன்னா மோட்டார் நிக்காது. இந்தக் கம்பி மேல தூசி படிஞ்சாலே போதும். ...தூசியே இல்லையே!

டீச்சர்: ரெண்டாவது தடவை வந்தப்ப பிரஷ் போட்டுத் துடைச்சு விட்டார். நான் கேக்கக்கூட இல்லை.

மெக்கானிக்: கேக்காமலேயா. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் பின்னாடி பல்லி குடும்பம் நடத்துது. பேரன் பேத்தி எடுத்துடுச்சு.

டீச்சர்: ஹ ஹா... மெக்கானிக் வீட்லயேவா?

மெக்கானிக்: மெக்கானிக் வீட்லதான். ரெண்டாவது தடவை எதுக்கு வந்தாரு?

டீச்சர்: காய்கறி டப்பாவுக்குக் கீழே தண்ணி தேங்குச்சு. அவர் எட்டிக்கூடப் பாக்கலைங்க. வாசல்ல செருப்பைக் கழட்டுறப்பவே, "பின்சுவர்ல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது அடைச்சிருக்கும்"னார். கம்பியை விட்டு எடுத்தா, இத்தனூண்டு பஞ்சு.

மெக்கானிக்: பஞ்சா? ஃப்ரிட்ஜுக்குள்ள பஞ்சு எங்கேர்ந்து வந்துச்சு?

டீச்சர்: அதான் நானும் கேட்டேன். "எப்படியாவது வரும்"னு சிரிச்சார்.

மெக்கானிக்: மூணாவது?

டீச்சர்: பின்னாடி டக் டக்னு சத்தம். அதுக்கு அவர் பண்ணினதுதான் வேடிக்கை. இதோ, நீங்க நிக்கிற இடத்துல நின்னு, தலையைச் சாய்ச்சுக் கண்ணை மூடிக்கிட்டார். "செப்புக் குழாய் தகரத்துல இடிக்குது"ன்னார். கையை விட்டு லேசா வளைச்சார். நின்னுடுச்சு!

மெக்கானிக்: கண்ணை மூடிக்கிட்டாரா?

டீச்சர்: ஆமா. டாக்டர் நெஞ்சுல குழாய் வெச்சுக் கேப்பாங்களே, அந்த மாதிரி.

மெக்கானிக்: அது நான் செய்யறது. கடையில நான்தான் அப்படி நின்னு கேப்பேன். "சாமி வந்துடுச்சா?"ன்னு அவரு கிண்டல் பண்ணுவாரு. ...எவ்வளவு நேரம் ஆச்சு அவரு கண்டுபிடிக்க?

டீச்சர்: நேரமே ஆகலை. வந்த உடனே.

மெக்கானிக்: அவரா? வந்த உடனேயா?

டீச்சர்: ஏன், அவர் அப்படி இல்லையா?

மெக்கானிக்: கை நல்ல கைங்க. இதைச் செய்யின்னு சொன்னா கச்சிதமாச் செய்வாரு. ஆனா கோளாறு எங்கேன்னு கண்டுபிடிக்க அரை நாள் ஆகும். கேஸ் போச்சும்பாரு, கரண்ட் சரியில்லைம்பாரு, ஒவ்வொண்ணாக் கழட்டிப் பரப்பி வெச்சிட்டு, கடைசியில என்னைப் பாப்பாரு.

டீச்சர்: நீங்க சொல்லிடுவீங்க.

மெக்கானிக்: அவரு ஸ்க்ரூடிரைவர் எடுக்கிறதுக்குள்ள சொல்லிடுவேன். போன் பண்றவங்ககூட "அந்தம்மாவை அனுப்புங்க"ன்னுதான் கேக்குறாங்க. போனை அவரே எடுத்தாலும்.

டீச்சர்: அவருக்கு எப்படி இருக்கும்...

மெக்கானிக்: "சரிங்க, அனுப்புறேன்"பாரு. அன்னிக்குப் பூரா பேச மாட்டாரு. ...நகருங்க, உள்ள இருக்கிற இந்தத் தட்டைக் கழட்டணும். இதை நீங்க எப்பவாவது கழட்டினீங்களா?

டீச்சர்: அது கழலும்னே எனக்குத் தெரியாது.

மெக்கானிக்: திருகு மேல மூடி போட்டிருக்கு. விஷயம் தெரியாதவங்க கண்ணுக்குத் தட்டுப்படாது. டார்ச் அடிங்க. இன்னும் கிட்ட. கையை ஆட்டாதீங்க டீச்சர்.

டீச்சர்: நான் ஆட்டலை... சரி, சரி.

மெக்கானிக்: அட, இது என்ன!

டீச்சர்: என்னங்க?

மெக்கானிக்: இந்த ஒயர் நுனியில ஒரு மணி மாதிரி இருக்கே, தெரியுதா? சென்சார். எவ்வளவு குளிர்ந்திருக்குன்னு பாத்து மோட்டாரை நிக்கச் சொல்றது இதுதான். இது காத்து வர்ற வழியில தொங்கணும். இங்க தெர்மாகோலைக் குடைஞ்சு உள்ள செருகி வெச்சிருக்கு. குளிரே படலை. இன்னும் ஆறலை, ஓடு, ஓடுன்னு மோட்டாரை விரட்டிக்கிட்டே இருந்திருக்கு.

டீச்சர்: தானா விழுந்திருக்குமோ?

மெக்கானிக்: தானா விழும். தானா டேப் ஒட்டிக்காது.

டீச்சர்: டேப்பா?

மெக்கானிக்: நுனியைப் பாருங்க. மடிச்சு விட்டிருக்கு. அடுத்துப் பிரிக்கிறவங்க நகத்தால சுரண்டிக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு. இப்படி மடிக்கிற ஆளு எனக்குத் தெரிஞ்சு ரெண்டே பேருதான். ஒண்ணு நான்.

டீச்சர்: உக்காருங்க. தண்ணி தரட்டுமா?

மெக்கானிக்: வேண்டாம். வேலை முடியட்டும். ...நான்தான் சொல்லிக்குடுத்தேன். கல்யாணமான புதுசுல. "அடுத்தவன் பிரிக்கிறதை நினைச்சு ஒட்டணும்"னு. ...சென்சாரை அது இருக்க வேண்டிய இடத்துல மாட்டிட்டேன். மூடிட்டேன். இருங்க, கொஞ்சம் பொறுங்க... கேக்குதா?

டீச்சர்: நின்னுடுச்சு.

மெக்கானிக்: நின்னுடுச்சு. இனி ஒழுங்கா நின்னு நின்னு ஓடும்.

டீச்சர்: நாலு நாளா அந்தச் சத்தம். இப்பத்தான் வீடு வீடா இருக்கு.

மெக்கானிக்: ஒண்ணு கேக்கட்டுமா? நேரா.

டீச்சர்: கேளுங்க.

மெக்கானிக்: அவரு இங்க வந்தா... ஃப்ரிட்ஜைப் பாக்குறதைத் தவிர வேற என்ன பண்ணுவாரு?

டீச்சர்: அந்த ஸ்டூல்ல உக்காந்து பேசுவார்.

மெக்கானிக்: என்ன பேசுவாரு?

டீச்சர்: ஃப்ரிட்ஜைப் பத்தி. சத்தியமா வேற ஒண்ணும் இல்லை. வெளிச்சம் அணையாம எரிஞ்சா என்ன ஆகும், சூடான சாமானை உள்ள வெச்சா ஏன் பனி படியும்... "அடேயப்பா, எப்படிங்க இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க?"ன்னு நான் கேப்பேன். அவர் முகத்தைப் பாக்கணுமே அப்ப! பசங்க பரீட்சைப் பேப்பரை வாங்குறப்ப, மார்க் நல்லா இருந்தா ஒரு முகம் வருமே, அது.

மெக்கானிக்: அந்த முகத்தை நான் பாத்ததே இல்லை. நான் எங்க பாக்குறது. அவரு வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் சொல்லிடுவேனே.

டீச்சர்: நானும் ஒண்ணு சொல்லணும். ரெண்டாவது தடவை அவர் வந்தப்ப எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பசங்க போனதும் இந்த வீட்ல பேச ஆள் இல்லை. அந்தப் பஞ்சைப் பாத்ததுமே எனக்கு லேசா உறுத்துச்சு. பேசாம இருந்துட்டேன்.

மெக்கானிக்: ஏன்?

டீச்சர்: வரட்டுமேன்னுதான்.

மெக்கானிக்: உங்களை... டூல் பாக்ஸால அடிக்கணும் போல இருக்கு.

டீச்சர்: அடிங்க. தப்புதான்.

மெக்கானிக்: அப்புறம் இப்ப மட்டும் எதுக்குச் சொல்றீங்க?

டீச்சர்: மூணாவது தடவை வந்துட்டுப் போன மறுநாள் காலையில போன் பண்ணினார். "கீழ்த்தட்டுல எதுவும் உறையுதா?"ன்னு கேட்டார். அதுவரைக்கும் நான் ஃப்ரிட்ஜைத் திறக்கவே இல்லைங்க. போனைக் காதுல வெச்சுக்கிட்டே திறந்தேன். தக்காளி கல்லு. அதுக்குப் பக்கத்துல இந்த ஸ்டீல் டப்பா.

மெக்கானிக்: என்ன இது?

டீச்சர்: இன்சுலின். எனக்குத்தான். குப்பிக்குள்ள ஐஸ். ஒரு தடவை உறைஞ்சா அவ்வளவுதான், உருகினாலும் போடக் கூடாது. அவர்கிட்ட "இல்லை"ன்னு சொல்லி வெச்சிட்டு, அத்தனையும் தூக்கிப் போட்டேன்.

மெக்கானிக்: ஐயோ... அவருக்குத் தெரியுமா, இதுக்குள்ள மருந்து இருக்குன்னு?

டீச்சர்: தெரியாது. யார்கிட்டயும் சொன்னதில்லை. சர்க்கரை வாங்காததைப் பாத்துட்டு, உடம்பு இளைக்கப் பாக்குறீங்களான்னு கேட்டார். சிரிச்சு மழுப்பிட்டேன்.

மெக்கானிக்: தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டாரு. அந்த அளவுக்கு இல்லைங்க அவரு.

டீச்சர்: இல்லைதான். அதான் போலீசுக்குப் போகலை, வேற கடைக்கும் போகலை.

மெக்கானிக்: இப்ப மருந்து?

டீச்சர்: பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுல புதுசு வாங்கி வெச்சிருக்கேன்.

மெக்கானிக்: நாளைக்குக் காலையில பாலைப் பாத்துட்டுக் கொண்டு வந்து வைங்க. அதுக்கு முன்னாடி வேண்டாம். ...டீச்சர்.

டீச்சர்: ம்.

மெக்கானிக்: நான் சும்மா கடை ஆளு இல்லை.

டீச்சர்: தெரியும்.

மெக்கானிக்: என்ன தெரியும்?

டீச்சர்: அவர் நம்பர் என்கிட்ட இருக்கு. காலையில நான் அதுக்குப் போடலை. கடை நம்பரைப் பெரும்பாலும் அவர் மனைவிதான் எடுப்பாங்கன்னு தெரிஞ்சுதான் அதுக்குப் போட்டேன்.

மெக்கானிக்: அப்ப போன்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே! எதுக்கு என்னை மூணு மாடி ஏற வெச்சு, கழட்ட வெச்சு, என் கையாலயே...

டீச்சர்: நான் சொல்லியிருந்தா என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பீங்க. "எங்க வீட்ல அவ மனுஷங்க சொல்றதை நம்ப மாட்டா, மெஷின் சொன்னாத்தான் நம்புவா"ன்னு அவர்தான் சொன்னார்.