சைலன்சர் பக்கம்

சைக்கிளை வண்டியின் தலையில் கட்டுவதைவிட முதுகில் மாட்டுவதுதான் நல்லது, ஐயா. மேலே கட்டினால் ஏற்றி இறக்குவதற்குள் தோள்பட்டை போய்விடும், மரக்கிளை வேறு இழுக்கும். பின்னால் என்றால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கினால் போதும். நாங்கள் நான்கு வருடம் அப்படித்தான் கொண்டுபோனோம். சைக்கிளில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது.

நாங்கள் என்றால் நானும் ஸ்டீபனும். மலைமேல் செம்மேட்டில் ஒரே அலுவலகம், பக்கத்துப் பக்கத்து மேஜை, வாடகைக்கு எடுத்த ஒரே அறை. எனக்குச் சொந்த ஊர் சேந்தமங்கலம், அவனுக்குக் காளப்பநாயக்கன்பட்டி, இரண்டும் கீழே சமவெளியில். திங்கள் காலை மலை ஏறினால் வெள்ளி மாலைதான் இறங்குவோம். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்ததால் இருபது வயதிலேயே வேலைக்கு வந்துவிட்டான். அதனால் பணிமூப்புப் பட்டியலில் எனக்கு ஒரு வரி மேலே இருந்தான். மற்ற எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து வந்தது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவனுக்குச் சைக்கிள் என்றால் பைத்தியம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, விடுமுறை நாளில், அவன் சைக்கிளை என் ஜீப்பில் மாட்டிக்கொண்டு அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து உச்சியில் சோளக்காடு வரை ஏறுவோம். மேலே டீ குடித்துவிட்டு எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் அவன் சைக்கிளில் இறங்குவான். பஸ்ஸோ லாரியோ அவனைத் தட்டிவிடக் கூடாதே என்று நான் ஜீப்பில் பின்னாலேயே வருவேன்.

"இருக்கற லீவு நாள்லயும் அந்த மலைக்கேதான் போகோணுமாங்க?" என்று என் மனைவி சுகுணா கேட்பாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் அவன் "வாங்கண்ணா" என்று கூப்பிட்டால் எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. அவன் மேல் அவ்வளவு பிரியம் வைத்திருந்தேன்.

சைக்கிள் மாட்டும் ரேக்கை ஜீப்பின் பின்னால் பொருத்திக் கொடுத்தவர் சேந்தமங்கலத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ராசப்பன். பம்பருக்கு அடியில் ஒரு சதுர இரும்புக் குழாயைப் பற்றவைத்தார். ரேக்கின் காலை அதில் செருகிக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து நிற்கும் கம்பியில் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. எந்தத் துளையில் ரேக்கைப் பூட்டும் பின்னைப் போடுகிறோமோ அதற்குத் தக்கபடி சைக்கிள் ஏறியோ இறங்கியோ தொங்கும்.

"ஏனுங்க, எப்பவும் மேல் ஓட்டையிலயே பின்னைப் போடுங்க," என்றார் ராசப்பன். "கீழ போட்டீங்கன்னா சக்கரம் சைலன்சர் வாய்க்கு நேரா வந்துருமுங்க. மலை ஏறறப்ப ரெண்டாவது கியர்லயே உறுமிக்கிட்டுப் போவீங்க, அந்தச் சூடு டயரைத் தின்னுபோடும். வெளிய பாத்தா ஒண்ணுந் தெரியாதுங்க. இறக்கத்துல பிரேக்கை அழுத்துனாத்தான் தெரியும்."

சரிங்க என்றேன். ஸ்டீபன் அப்போது ரோட்டோரம் போனில் பேசிக்கொண்டிருந்தான். அவனிடம் நான் சொல்லவில்லை. மாட்டுவது எப்போதும் நான்தானே, அவனுக்கு எதற்கு.

போன வருடம் சேந்தமங்கலம் அலுவலகத்தில் ஒரே ஓர் இடம் காலியானது. கீழே இடம் காலி என்று காதில் விழுந்தால், மலைக்குப் போட்ட சமவெளி ஆட்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது, ஐயா. நான் ஆறு வருடமாக மாறுதல் கேட்டு எழுதிப்போட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டிலிருந்து அந்த அலுவலகம் நடக்கிற தூரம். மகள் யமுனாவுக்கு ஐந்து வயது. வெள்ளிக்கிழமை போய்க் கதவைத் தட்டினால் ஓடிவந்து, "அப்பா, எப்பக் கெளம்புவீங்க?" என்று கேட்கும். வந்ததும் கேட்கிற முதல் கேள்வி அது. அதைக் கேட்டு வயிறு எரியாத தகப்பன் இருந்தால் காட்டுங்கள்.

பட்டியலில் முதல் பெயர் ஸ்டீபன். கீழே அவனுக்கு அம்மா மரியம்மாள் மட்டும், மூட்டுவலியோடு தனியாக இருந்தார். அவன் அந்த இடத்தை விடுவானா? அவனிடம் நான் கேட்கவில்லை. மலையில் யாரும் யாரிடமும் அதைக் கேட்பதில்லை. மாறுதலைப் பற்றி வாயைத் திறந்தால் எவனாவது ஆளைப் பிடித்துக் கெடுத்துவிடுவான் என்று எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டு இருப்போம். ஒரே அறையில் படுத்து எழுந்தாலும் அப்படித்தான்.

நான் அவசரக்காரன் அல்ல. முதலில் சோதித்துப் பார்த்தேன். ஸ்டீபன் லீவில் இருந்த ஒரு திங்கட்கிழமை, யமுனாவின் சின்னச் சைக்கிளைக் கயிறு விட்டுத் தாழ இறக்கிக் கட்டி, சைலன்சருக்கு நேரே சக்கரம் வரும்படி வைத்து மலை ஏறினேன். சோளக்காட்டில் நிறுத்தி டயரைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பழுத்த பலாச்சுளையில் போவது போல நகம் உள்ளே போனது. புது டயர் மாற்றிய பிறகுதான் சைக்கிளைக் குழந்தையிடம் கொடுத்தேன். பிள்ளை விஷயத்தில் நான் ஒருநாளும் அசட்டையாக இருந்ததில்லை.

அடுத்த இரண்டாவது சனிக்கிழமை ஸ்டீபனின் சைக்கிளை மாட்டினேன். முன் சக்கரத்தைச் சைலன்சர் பக்கம் திருப்பினேன், பின்னைக் கீழ்த் துளையில் போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். மற்றதை எல்லாம் சூடும் இறக்கமும் செய்தன.

ஏறும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். மலைமேலேயே பைல் நாட்டில் மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னான். நான் வளைவுகளில் கவனமாக இருந்ததால் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. சோளக்காட்டில் அவன் டீக்கடைக்குள் இருந்தபோது சைக்கிளை இறக்கினேன். டயரில் கரி படிந்திருந்தது. துணியால் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தேன்.

"உங்களுக்கு எதுக்குங்கண்ணா இந்த வேலையெல்லாம்," என்றான். அவன் ஹெல்மெட் வாரையும் நானே இறுக்கிவிட்டேன்.

நாற்பத்து மூன்றாவது வளைவுக்குச் சற்று முன்னால் டயர் போனது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. சைக்கிள் தடுப்புச் சுவரில் மோதி நின்றுவிட்டது, அவன் சுவரைத் தாண்டிப் போய்விட்டான். நான் ஜீப்பை ஓரம் கட்டினேன். சக்கரத்துக்குக் கல் வைத்தேன். சைக்கிளை எடுத்து ஜீப்பின் மறைவில் சாய்த்தேன். ரேக்கின் பின்னைக் கழற்றி மேல் துளையில் போட்டேன். அதற்குப் பிறகு அவனிடம் இறங்கிப் போனேன்.

ஒரு மரத்தடியில் கிடந்தான். கண் திறந்திருந்தது. "டயருங்கண்ணா," என்றான். ஆமாம் தம்பி என்றேன். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். அந்த வளைவில் போனில் சிக்னல் எடுக்காது. இரண்டு வளைவு கீழே போனால் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மேலே ஒரு லாரி நின்றது. "ஏனுங்க, வண்டி நிக்குது, எதாச்சும் உதவி வேணுமுங்களா?" என்று டிரைவர் குரல் கொடுத்தார்.

நான் அவன் தலையை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றேன். "ஒண்ணுமில்லீங்க, பிரேக்கு சூடாயிருச்சு, ஆற வெச்சிருக்கறனுங்க," என்றேன். லாரி போய்விட்டது. திரும்ப உட்கார்ந்து தலையை மடியில் எடுத்துக்கொண்டேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விழுந்ததுமே உயிர் போய்விட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். தாய் மனது, கஷ்டப்படாமல் போனான் என்று இருக்கட்டுமே.

மூன்றாம் நாள் ஜெபத்துக்குப் போயிருந்தபோது மரியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கீழ எனக்கு எடம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டானுங்க சாமி. என்னையும் பைல் நாட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போறேன்னான். அண்ணனுக்குக் கொழந்த இருக்குதம்மா, அவரு கீழ போவட்டும்னான். உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

சொல்லவில்லை. பிறகு அலுவலகக் கோப்பில் பார்த்தேன். கடிதத்தின் தேதி அந்தச் சனிக்கிழமைக்குப் பதினோரு நாள் முன்பு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பின்னை மேல் துளையிலேயே போட்டிருப்பேன். கூடப் பிறந்தவன் போல நினைத்த என்னிடம் மறைத்துவிட்டான். நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை, ஐயா.

நாற்பது நாளில் உத்தரவு வந்தது. நான் சேந்தமங்கலத்துக்கு வந்துவிட்டேன். யமுனா இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

போன வாரம் வருட நினைவு நாள். மகன் விழுந்த இடத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்று மரியம்மாள் கேட்டார். பாவம், அவரைப் பஸ்ஸில் அலையவிட மனமில்லாமல் நானே ஜீப்பில் கூட்டிப்போனேன்.

"கடைசியா எதாச்சும் பேசுனானுங்களா?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு இரக்கமாகப் போய்விட்டது.

"தண்ணி கேட்டானுங்கம்மா. உங்களைத்தான் ரெண்டு மூணு தடவை கூப்பிட்டான்," என்றேன்.

"உளுந்ததுமே போயிட்டான்னீங்களே சாமி," என்றார். சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "எத்தன நேரம் உசுரோட இருந்தானுங்க?" என்றார். எதையும் சரியாகச் சொல்லிப் பழகியவன் நான். முக்கால் மணி நேரம் என்றேன்.

அவர் அழவில்லை. திரும்ப ஜீப்பில் ஏறிக்கொண்டார். இரண்டு வளைவு இறங்கியதும் அவர் பைக்குள் போன் அடித்தது. அதை எடுத்துப் பேசாமல், அடித்து ஓயும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்க வந்து ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்களே," என்றார்.

"அவனைத் தனியா விட்டுப்போட்டு வர மனசு வரலீங்கம்மா," என்றேன்.

அன்று மாலையே அவர் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவனைத் தனியாக விட மனசு வரவில்லை என்று நான் சொன்னதும் பொய் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறாரே, அதுதான் மனதைக் குத்துகிறது. அது பொய் இல்லை, ஐயா. அவன் மூச்சு நின்றுவிட்டது என்று உறுதியாகத் தெரியாமல் நான் எப்படி அங்கிருந்து கிளம்ப முடியும்?