மாதிரிப் போர்வை

"டெண்டர்ல ஜெயிச்சது உங்க போர்வைதானுங்க. தோத்ததுதான் நீங்க."

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் இருந்த டெரிலின் சட்டை போட்ட காண்ட்ராக்டர் பக்கத்துத் தறிக்காரரிடம் இப்படிச் சொன்னதும் நான் சட்டென்று முன்னால் சாய்ந்தேன்.

"ஏனுங்க, வெளையாடறீங்களா?" என்றார் தறிக்காரர்.

"பட்டாளத்துக்குப் போர்வைன்னு டில்லியில மாதிரி கேட்டாங்க. உங்ககிட்ட சந்தையில வாங்குனதைத்தான் அனுப்புனேன். ரேட்டு மட்டும் உங்களைவிடக் கம்மியாப் போட்டேன்."

"அந்த ரேட்டுக்கு நூலே வராதுங்களே?"

"வராதுங்க. மாதிரிதான் உங்களுது, பட்டாளத்துக்குப் போறது வேற. கொசுவலை மாதிரி இருக்கும்."

தறிக்காரர் மெல்லச் சொன்னார்.

"என்ற பையன் பட்டாளத்துலதானுங்க இருக்கான். சீனா எல்லையில, பனியில."

காண்ட்ராக்டர் கொஞ்சமும் பதறவில்லை.

"அப்படீங்களா? அப்ப அவனுக்கு மட்டும் ஊட்டுல இருந்தே ஒண்ணு அனுப்பிருங்க."