கம்பளைக்குள்ள வாயத் தொறப்பான்

...இல்ல, நீங்களே சொல்லுங்கக்கா. ஒரு புள்ள ட்ரிப் போவுது. நுவரெலியாவுக்கு! ஏப்ரல் மாசம், குதிரப் பந்தயம் ஓடுற நேரம்! ஜன்னலோரமா சீட்டு. அதுவும் எப்பிடிப் புடிச்ச சீட்டு? பஸ்ஸு நிக்கிறதுக்கு முந்தியே வெளிய இருந்து மொகம் தொடைக்கிற லேஞ்சியப் போட்டுப் புடிச்சேன். ஒரு தடவ தலையத் தூக்கி வெளிய பாக்குதா? பாக்கல! குனிஞ்ச தல குனிஞ்சபடியே இருக்கு. நான் கல்யாணப் பொண்ணா மணவறையில ஒக்காந்தப்பக் கூட இப்பிடிக் குனியலக்கா.

நல்லா சாஞ்சு ஒக்காருங்க. அந்தப் பைய மடியில வச்சுக்கிட்டு என்னத்துக்குக் கஷ்டம், கீழ வைங்க. என்ன பாக்குறீங்க? தமிழாளுன்னு எப்பிடிக் கண்டுபுடிச்சேன்னா? அட, நெத்தியில பொட்டு அழிச்ச எடம் பளபளன்னு தெரியுதே! அப்புறம் அந்தப் பேப்பரு... மேல சிங்களப் பேப்பரு, உள்ளுக்குள்ள தமிழ்ப் பேப்பரு. நானும் அப்பிடித்தாங்க! கண்டியில ஏறுறப்ப பொட்ட எடுத்துக் கைப்பையில ஒட்டிக்குவேன், புசல்லாவ வந்ததும் கண்ணாடி இல்லாமயே வச்சுக்குவேன். அதான் எங்க ஊருக்குப் போனாலே, கோணப் பொட்டுக்காரி வந்துட்டான்னு சிரிப்பாங்க.

பயப்புடாதீங்கக்கா, நான் மெதுவாத்தானே பேசுறேன்... என்ன, கைய ஆட்டுறீங்க, இது மெதுவு இல்லியா? எங்களுக்கு இதாங்க மெதுவு! எங்கம்மா மலையில கொழுந்து பறிச்சவங்க. ரகசியம்னு ஒண்ணு சொன்னாங்கன்னா, அடுத்த மலையில நிக்கிற கங்காணிக்குக் கேக்கும். அந்தத் தொண்டதான் எனக்கும்.

அதோ, கடைசி சீட்டுல, நீலச் சட்ட போட்டுக்கிட்டு, யாரோ எவரோன்னு ஒக்காந்திருக்காரே, அவருதான் நம்ம வீட்டுக்காரரு. பேராதனப் பாலம் தாண்டுனதுல இருந்து கண்ணால ஜாட காட்டுறாரு, வாய மூடு, வாய மூடுன்னு. காட்டட்டும். கண்ணு வலிச்சா தானா நிறுத்திருவாரு.

நான் எங்க விட்டேன்? ஆங், இந்தக் கருமாந்திரம். பிரிக் கேமாம். உள்ளங்கையளவு பெட்டி. மேல இருந்து கல்லு கல்லா விழும், இவன் அத அடுக்கணும். வரிச நெறஞ்சா அந்த வரிச காணாமப் போயிரும்! இது என்ன வேலங்க? ரெண்டு மாசமா அடுக்குறான், ஒரு கோழிக்கூடு எழும்பல! எங்க தோட்டத்து லயத்து வீட்டுக் கோடியில சும்மா கெடக்குற கல்ல அடுக்கியிருந்தா, எங்கம்மாவுக்குச் சமைக்க ஒரு குசினியே கட்டியிருப்பான்.

அதுலயும் அந்தச் சத்தம்! கீச்சு கீச்சுன்னு. சோறு திங்குறப்ப கீச்சு. பல்லு வெளக்குறப்ப கீச்சு. போன போயா லீவுக்குப் பேராதனப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனோம். அந்த மூங்கிலு, எவ்வளவு பெரிசு, நம்ம ரெண்டு பேரு சேந்து கட்டிப்புடிச்சாலும் பத்தாதே, அதப் பாருடான்னேன். கீச்சு. மரத்துல வௌவாலு ஆயிரக்கணக்குல தொங்குது, பாருடான்னேன். கீச்சு. அந்த வௌவாலு கூட என்னையத் திரும்பிப் பாத்துச்சுங்க. இவன் பாக்கல.

டிவியில கார்ட்டூனு பாத்தாலாவது ஒரு சிரிப்பு சத்தம் கேக்கும். முந்தி பக்கத்து வீட்டு சந்திரிகா அக்கா வீட்டுல டெக் எடுத்துப் படம் போடுவாங்க. இவன் கதைய முன்கூட்டியே சொல்லி எல்லாரையும் கொல்லுவான். இந்தா இவன் சாவப் போறான், இந்தா அண்ணன் தம்பின்னு தெரிஞ்சுக்கப் போறாங்கன்னு! இவன் வாய்க்குப் பூட்டுப் போடுங்கடின்னு சந்திரிகா அக்கா கத்தும். நிரோசன்னு பேரு வச்சோம், ஆனா நாங்க இருக்குற குண்டசாலையில எல்லாரும் இவன ரேடியோன்னுதான் கூப்புடுவாங்க. கண்டி வாவியில மீனுக்குப் பொரி போட்டா, மீனு எப்பத் தூங்கும், கண்ண மூடுமா, அதுக்குத் தலகாணி யாரு குடுப்பான்னு கேட்டுக் கேட்டு எனக்குத் தல சுத்திரும். தலதா ஊர்வலத்து யானைய மொத மொதப் பாத்துட்டு, அம்மா, இது ஏன் காலுல சப்பாத்து போடலன்னானே! முன்னால நின்ன சிங்கள ஆளு ஒருத்தரு, தமிழு தெரிஞ்சவரு போல, வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாரு.

இப்ப? 'ம்.' அவ்வளவுதான். பசிக்குதாடா? 'ம்.' போதுமாடா? தலைய ஆட்டுவான். ஸ்கூல்ல இருந்து டீச்சரு, ரொம்ப அமைதியான பிள்ளைன்னு எழுதி அனுப்பியிருக்கு. எனக்கு அதப் படிச்சுட்டு அழுகையா வந்துச்சு. நான் என்னக்கா அமைதியான புள்ளையவா பெத்தேன்?

கெலிஓயா வந்துருச்சா? கேளுங்க, ஒரு கூத்து சொல்றேன். கிட்ட வாங்க. இன்னக்கி ஒரு வேல பண்ணியிருக்கேன். காலையில இவன் மொகம் கழுவுற நேரம் பாத்து, அந்தப் பெட்டியில இருந்த ரெண்டு பேட்டரியையும் கழட்டிட்டேன்! இந்தா, என் கைப்பையில, பொட்டுக்குப் பக்கத்துல கெடக்கு. கீச்சு சத்தம் கேக்குதா உங்களுக்கு? கேக்காது! இவன் பஸ்ஸுல ஏறுனதும் அமுக்கிப் பாப்பான், வேல செய்யாது, அம்மா பேட்டரி எங்கன்னு வாயத் தொறப்பான். தொறக்கட்டும்! தொறந்த வாய நான் மூட விடுவேனா? அப்பிடியே பேச்சுக் குடுத்து, தண்ணி பாரு, மல பாரு, குதிர பாருன்னு இழுத்துருவேன். நம்ம வீட்டுக்காரருகிட்ட பந்தயமே கட்டியிருக்கேன். கம்பளைக்குள்ள வாயத் தொறப்பான்னு. அவரு ஒண்ணும் சொல்லல. அவரு எதுக்குத்தான் என்ன சொன்னாரு.

கடல சாப்புடுங்க. சும்மா எடுங்கக்கா. ரொட்டியும் கட்டச் சம்பலும் இருக்கு, அவிச்ச முட்ட இருக்கு. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு சுட்டேன். ட்ரிப்புன்னா ஆம்புளைங்களுக்கு சட்டைய மாட்டுனாப் போதும். நாமதான் அர வீட்டத் தூக்கிக்கிட்டு வரணும்.

...அங்க பாருங்க, இன்னும் அமுக்கிக்கிட்டுத்தான் இருக்கான். ஏன் கேக்கல? கண்டியில இருந்து அமுக்குறான். வீம்பு! அவங்கப்பன் வீம்பு. பரவாயில்ல, கம்பள டவுனுக்கு இன்னும் தூரம் இருக்கு.

இந்தப் பெட்டிய எங்க வாங்குனேன்னு கேக்குறீங்களா? கேக்கலியா? சொல்றேன். திகனையில முஹைதீன் நானா கடையிலதான் நான் வேல செய்யுறேன். வளையலு, பொம்ம, ரிப்பனு எல்லாம் விக்கிற கடை. நானாகூட சொன்னாரு, பாலம்மா, இத வாங்காத, எங்கூட்டுப் புள்ளையளும் இப்பிடித்தான் கெட்டுப் போச்சுதுகள்னு. நான்தான் கேக்கல. எனக்கு அப்ப அது வேண்டியிருந்துச்சு.

ஏன்னா... விடுங்க. அது பெரிய கத.

கம்பள வந்துருச்சு! மணிக்கூட்டுக் கோபுரத்தப் பாருங்க. டேய் நிரோசா... வடை வாங்கட்டாடா?... பாத்தீங்களா, தலைய ஆட்டுறான். பந்தயத்துல தோத்தேன். அங்க திரும்பாதீங்க, அவரு என்னையத்தான் பாப்பாரு. சரி, புசல்லாவைக்குள்ள கேட்டுருவான். மல ஏற ஆரம்பிச்சா எந்தப் புள்ளைக்கும் வாய் வந்துரும்.

ஐயோ, பஸ்ஸு நிக்கிது. செக்பாயின்ட்டு. எல்லாரும் எறங்கணுமாம். அடையாள அட்டைய, ஐசிய, எடுத்துக் கையில வச்சுக்கங்க, பைக்குள்ள தேடிக்கிட்டு நிக்காதீங்க, அவங்களுக்குக் கோவம் வரும். என்னங்க, ஐசி இருக்கா? ஐசி! ...இருக்காம். வாங்கக்கா, நம்ம சேந்து நிப்போம். இனி நானும் பேசல.

...

அப்பாடா. ஒக்காருங்க. தண்ணி குடிங்க. முடிஞ்சுருச்சு, ஒண்ணுமில்ல. ரொட்டிப் பொட்டலத்தத்தான் ஆமிக்காரன் குத்திப் பாத்தான், சம்பலு வாசத்துக்கு அவனுக்கே எச்சி ஊறியிருக்கும்.

நீங்க அந்தப் பக்கம் நின்னீங்க, பாத்திருக்க மாட்டீங்க. அந்தச் சின்ன ஆமிக்காரப் பையன், மீசகூட மொளைக்கல, இவன் கையில இருந்த பெட்டிய வாங்குனான். எனக்கு உசுரு போயிருச்சு. திருப்பிப் பாத்தான், மூடியத் தொறந்தான், சிரிச்சான். 'பெட்டரி நே புத்தா'ன்னான். பேட்டரி இல்லியே மகன்னு, பாவம், அன்பாத்தான் சொன்னான். இவன் என்ன செஞ்சான் தெரியுமா? அதத் திருப்பி வாங்கி, அவன் முன்னாலயே குனிஞ்சு நின்னு மறுபடி அமுக்குனானுங்க! சத்தமில்ல, வெளிச்சமில்ல, கல்லுமில்ல ஒண்ணுமில்ல. அமுக்குறான். ஒதடு ரெண்டையும் உள்ளுக்குள்ள மடிச்சு வச்சுக்கிட்டு அமுக்குறான்.

அப்பதாங்க எனக்குச் சுருக்குன்னுச்சு. இவனுக்குக் கண்டியிலயே தெரியும், பேட்டரி இல்லன்னு. இவன் வெளையாடவே இல்லக்கா. நான் சொன்னதச் செஞ்சுக்கிட்டு இருக்கான்.

என்ன சொன்னேன்னா... இருங்க, மூக்கச் சிந்திக்கிறேன்.

தை மாசம் தலதா மாளிகாவப் பக்கம் குண்டு வெடிச்சுச்சே, அதுக்கப்புறம் ஒரு நாளு. மூணு பேரும் டவுனுக்குப் போறோம். இவன் பஸ்ஸுல பாட்டு. ஸ்கூல்ல படிச்ச பாட்டத் தமிழ்ல உச்சத்துல பாடுறான். செக்பாயின்ட்டுல ஏறுன ஆமிக்காரரு திரும்பிப் பாத்தாரு. நேரா நம்ம வீட்டுக்காரருகிட்ட வந்து ஐசியக் கேட்டாரு. இவரு சட்டப் பையில கைய விட்டாரு. இல்ல! எறக்கிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. காலையில போனவரு அந்தி ஆறு மணிக்குத்தான் வந்தாரு. ஒண்ணும் செய்யல, டீ குடுத்தாங்களாம். ஆனா அந்த ஆறு மணி வர நான் செத்துச் செத்துப் பொழச்சேன். அந்த வெறியில இவனப் புடிச்சு உலுக்கி, நீ வாயத் தொறந்ததாலதான்டா அப்பாவக் கொண்டு போனாங்க, இனிமே வாயத் தொறந்தா அப்பா வர மாட்டாருன்னு சொன்னேன். அடுத்த நாளே நானா கடையில இத எடுத்துட்டு வந்து கையில குடுத்தேன். இத அமுக்கு, பேசாதன்னு. ஏழு வயசுப் புள்ளகிட்டங்க!

எப்ப வரைக்கும்னு நான் சொல்லல. நானும் மறந்துட்டேன். அவன் மறக்கல.

இன்னும் கேளுங்க. ஐசி ஏன் இல்ல? அன்னக்கி அவரு ஐசியோட ஒரு சட்ட போட்டுக்கிட்டு நின்னாரு. நான்தான், அது நல்லால்ல, அழுக்கா இருக்கு, டவுனுக்குப் போறோம்னு, அவரு வேணாம் வேணாம்னாலும் கழட்ட வச்சு, இஸ்திரி போட்ட சட்டைய மாட்டி விட்டேன். ஐசி அழுக்குச் சட்டையில, அலுமாரிக்குப் பின்னால கெடந்துச்சு. அந்தியில அவரு வந்து அதப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருக்கலாம்! நாலு ஏச்சு ஏசியிருந்தா நானும் புள்ளகிட்ட உண்மையச் சொல்லியிருப்பேன். பாருங்க, இப்பவும் அவரு மேலதான் போடுறேன். இந்த வாய என்ன செய்யிறது?

இருங்கக்கா. நிரோசா. டேய், அம்மாவப் பாரு. அத மடியில வை. அப்பாவக் கொண்டு போனதுக்கு நீ காரணமில்லடா. அம்மாதான் சட்டைய மாத்துனேன். அம்மா பண்ணுன பெசகு. உன் பாட்டு இல்ல. வெளங்குதா? உன் பாட்டு நல்ல பாட்டுடா... என்ன? கேக்கல. காதுல சொல்லு...

அக்கா... 'இனிப் பேசலாமா'ன்னு கேக்குறானுங்க.

பேசுடா தங்கம்! பேசு! சத்தமாப் பேசு! ஏங்க, பின்னால இருக்குறவரே, கேட்டீங்களா, பேசிட்டான்! புசல்லாவைக்கு முந்தியே பேசிட்டான்! கண்ணால ஜாட காட்டாதீங்க, கண்ணத் தொடச்சுக்கங்க! ...பாக்கட்டும்டா, பஸ்ஸே திரும்பிப் பாக்கட்டும். என்னடா? அந்த ஆமி மாமாவுக்கு யாரு சோறு கட்டிக் குடுப்பாங்களா? அவங்கம்மாதான்டா... அவங்கம்மா தூரத்துல இருந்தா? எனக்கு எப்பிடித் தெரியும்? குதிரைக்கு லாடம் அடிச்சா வலிக்குமா? டேய், மூச்சு விடு! ரெண்டு மாசத்தையும் ஒரே நாளுல கேப்பியா? ஐயோ, எனக்குத் தல சுத்துது, ஆரம்பிச்சுட்டான், ரேடியோவத் தொறந்துட்டான், நுவரெலியா போய்ச் சேர்றதுக்குள்ள என் உசுரு போகப் போவுது...

டேய்! அத இப்பிடியா சத்தமாக் கேக்குறது!

மன்னிச்சுக்கங்கக்கா, சின்னப் புள்ள. கேட்டுச்சா உங்களுக்கு? இந்த ஆன்ட்டி கண்டியில இருந்து ஒரு வார்த்த பேசலியே, அவங்களையும் யாராச்சும் பேச வேணாம்னு சொல்லிட்டாங்களான்னு கேக்குறான்...

என்னக்கா, சிரிக்கிறீங்களா, அழுவுறீங்களா? ...என்ன சொன்னீங்க? ...ஓமா? 'ஆமா'வுக்கு 'ஓம்'னா சொன்னீங்க? அட, யாழ்ப்பாணமா நீங்க! ...பஸ்ஸு எரையுது, கேக்கலக்கா. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. புள்ள பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கான்.